சும்மா கூப்பிடும் விளக்குகள்

விடுதிக் காப்பாளர் சுவிட்சைத் தட்டினாள். அணைத்தாள், போட்டாள், மறுபடி அணைத்துப் போட்டாள். கூடத்துத் தரையில் உட்கார்ந்து காகித நட்சத்திரம் வெட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒன்றுகூடத் தலை நிமிரவில்லை. சுவிட்சில்தான் கோளாறோ என்று மேலே பார்த்தாள். விளக்கு ஒழுங்காகத்தான் அணைந்து எரிந்தது. இன்னொரு முறை தட்டினாள். பெரிய பையன் ஒருவன் கத்தரியைக் கீழே வைத்தான். பசையை எடுக்கத்தான்.

காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் மணிக்கு என்ன வேலை? அங்கே விளக்குதான் மணி. சாப்பாட்டுக்கு, ஜெபத்துக்கு, படுக்கைக்கு என்று எல்லாவற்றுக்கும் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார்கள். பார்த்த பிள்ளை பார்க்காத பிள்ளையின் தோளைத் தட்டும். முற்றத்துக்குள் வண்டி வந்தால் வாட்ச்மேன் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சுவிட்சைத் தட்டுவார். முற்றத்து விளக்கு சிமிட்டும். பந்தை அந்தரத்தில் விட்டுவிட்டு எல்லாரும் சுவரோரம் ஓடிப்போய்ப் பல்லி மாதிரி ஒட்டிக்கொள்வார்கள். வண்டி நிற்கும்வரை ஒருத்தரும் அசைவதில்லை. புதிதாகச் சேரும் பிள்ளைக்கு அ, ஆவுக்கு முன்னால் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு குடும்பம் பெட்டி பெட்டியாகச் சீரியல் விளக்கு கொடுத்தது. ஜன்னல், வராந்தா, முற்றத்து மரம், குடிலின் கூரை என்று ஓரிடம் பாக்கியில்லாமல் கட்டினார்கள். எல்லாமே சிமிட்டும் விளக்குகள். முதல் நாள் ஒரே கூத்து. விளக்கு சிமிட்டியதும் பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு சாப்பிட ஓடினார்கள். திரும்பி வந்தார்கள். மறுபடி ஓடினார்கள். ஆசிரியைகள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். காப்பாளரும் சிரித்தாள். பிள்ளைகள் புத்திசாலிகள், சீக்கிரமே புரிந்துகொண்டுவிட்டார்கள். விளக்கு சிமிட்டினால் ஒன்றுமில்லை.

பள்ளியை நடத்தும் பெரிய சிஸ்டர் மேடைத் திரையில் ஜரிகை நட்சத்திரம் குத்திக்கொண்டிருந்தார். அவள் அங்கே போய் நின்றாள்.

"சிஸ்டர், பிள்ளைங்க விளக்கைப் பாக்கவே மாட்டேங்குறாங்க."

"அலங்காரத்துல மயங்கிக் கெடக்குதுங்க. விடுங்கம்மா."

"மயங்கல சிஸ்டர். பழகிட்டாங்க. நெஜமாவே ஏதாவது ஆச்சுன்னா எதை வெச்சுக் கூப்புடுறது?"

சிஸ்டர் வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்துவிட்டுப் பேசினார். "நாளைக்குச் சாயங்காலம் குடுத்தவங்க குடும்பத்தோட வராங்க. அவங்க குடுத்ததை அணைச்சு வெச்சா நல்லாவா இருக்கும்?"

"சிமிட்டாம எரிய விடலாமே?"

"எலக்ட்ரீஷியனைக் கேட்டுட்டேன். இந்த ரகம் எரிஞ்சா சிமிட்டிக்கிட்டுதான் எரியுமாம். ஒரே ஒரு நாள், பொறுத்துக்கோங்க. உங்களுக்குத்தான் எதை எடுத்தாலும் பயமாச்சே. போன வருஷம் குடில்ல போட்ட வைக்கோலுக்கே பயந்தவங்கதானே நீங்க?"

அது உண்மைதான். போன வருடம் ஆராதனை முடியும்வரை அவள் வாளித் தண்ணீரோடு குடிலுக்குப் பக்கத்திலேயே நின்றாள். பக்தி என்று விருந்தினர்கள் நினைத்துக்கொண்டார்கள். சிஸ்டர் சிரித்தார், அவளும் சிரித்துவைத்தாள். பயந்தாங்கொள்ளி என்று பேர் வாங்கியவளின் பயத்தை யார் மதிப்பார்கள்?

மறுநாள் மதியம் தேவதைகளுக்கு இறக்கை கட்டும் வேலை. விடுதியிலேயே சின்னவளுக்கு முன்பல் விழுந்திருந்தது. அதனால் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பேர், முன்பல்லில் ஒரு விரலை வைத்துக் காட்டுவது. வாயால் பேசுகிறவர்கள் அதை ஓட்டைப்பல் என்று ஆக்கிக்கொண்டார்கள். காப்பாளருக்கும் அப்படி ஒரு பேர் உண்டு: முஷ்டியை மடக்கி உச்சந்தலையில் வைத்தால் அவளுடைய கொண்டை, அதாவது அவள். ஓட்டைப்பல் மட்டும் தன் தலையில் வைத்துக் காட்டமாட்டாள். எட்டி, காப்பாளரின் கொண்டை மேலேயே குத்துவாள்.

ஈர்க்குச்சியை வளைத்து மெல்லிய தாள் ஒட்டிய இறக்கையை முதுகில் கட்டும்போது சின்னவள் திரும்பி நின்று கையால் கேட்டாள். அந்த விளக்கு எல்லாம் யாரைக் கூப்பிடுகிறது?

யாரையும் இல்லை, அழகுக்காக, என்று காப்பாளர் கையாலேயே பதில் சொன்னாள்.

ஓட்டைப்பல் யோசித்தாள். பிறகு மரத்தைக் காட்டி, அது பொய் சொல்லும் விளக்கு என்றாள். சொல்லிவிட்டு, தீர்ப்பு சொன்னவள் போல முகத்தை வைத்துக்கொண்டாள். காப்பாளர் அவளைத் திருப்பி நிறுத்தினாள். முடிச்சை இன்னொரு முறை இறுக்கினாள்.

சாயங்காலம் நன்றாக இருட்டியதும் முற்றம் முழுக்க மினுமினுத்தது. வருகிறவர்களுக்காக ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டிருந்தார்கள். காது கேட்கிறவர்கள்கூட ஒருவர் காதில் ஒருவர் கத்த வேண்டியிருந்தது. காப்பாளரை வராந்தாவில் மெயின் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருந்தார் சிஸ்டர். நாடகம் தொடங்கும்போது கூடத்து விளக்கை அணைக்க வேண்டுமாம். அவள் அங்கிருந்தபடியே பிள்ளைகளைக் கண்ணால் மேய்த்துக்கொண்டிருந்தாள். மேய்ப்பர்கள் இங்கே, ஞானிகள் அங்கே, தேவதைகள் படிக்கட்டில். ஒரு தேவதை குறைந்தது.

அந்த நேரம் வாடகை நாற்காலி ஏற்றிய வேன் வந்தது. கூடத்து வாசலில் இறக்குவதற்காக முற்றத்தில் திரும்பிப் பின்னால் வரத் தொடங்கியது. அரதப்பழசு வண்டி, பின்விளக்குகள் இரண்டும் உடைந்திருந்தன. வாட்ச்மேன் வழக்கம்போல் சுவிட்சைத் தட்டினார். முற்றத்து விளக்கு சிமிட்டியது. சுற்றிலும் நூறு விளக்கு சிமிட்டுகிற இடத்தில் அதுவும் ஒன்றாகச் சிமிட்டியது. ஒரு பிள்ளையும் சுவருக்கு ஓடவில்லை.

வேனின் பாதையில், வேனுக்கு முதுகைக் காட்டி, ஓட்டைப்பல் குந்தியிருந்தாள். நெற்றியில் ஒட்டியிருந்த ஜரிகை நட்சத்திரம் விழுந்துவிட்டது போலிருக்கிறது. அதை மண்ணிலிருந்து பிய்த்துக்கொண்டிருந்தாள். இறக்கைகள் இரண்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன.

"நிறுத்து! நிறுத்து!" என்று காப்பாளர் கத்தினாள். பாட்டு அதை விழுங்கிவிட்டது. வாட்ச்மேன் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருவது தெரிந்தது, ஆனால் அவர் வருவது வேனின் முன்பக்கமாக, டிரைவரோ தலையை வெளியே நீட்டிப் பின்னால் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிப் போய்த் தூக்க நேரமில்லை. அவள் கை பழக்கத்தில் சுவரில் இருந்த சுவிட்சைத் தேடித் தட்டியது. தட்டியபோதே அது வீண் என்று தெரிந்தது. சின்னவள்தான் சொல்லிவிட்டாளே.

மெயின் கைப்பிடியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

எல்லாம் போயிற்று. மரம், குடில், ஜன்னல், பாட்டு, எல்லாம். அந்த அமைதியில் அவள் போட்ட கத்தல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. அதைக் கேட்டு வேன் குலுங்கி நின்றது. நிற்பதற்கு முன்பா பின்பா என்று தெரியவில்லை, மளுக்கென்று ஏதோ முறிந்தது.

படிக்கட்டில் எப்படி இறங்கினாள் என்று தெரியாது. வேனின் முன்விளக்கு வெளிச்சம் கேட்டுப் பக்கம் விழுந்தது, பின்னால் கும்மிருட்டு. அவள் மண்டியிட்டாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்கிற பிள்ளையா? கையைக் காட்டினால் தெரிகிற வெளிச்சமா? "கர்த்தாவே, கர்த்தாவே" என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்க, கைகள் மண்ணைத் துழாவின. டயர் தட்டுப்பட்டது. சூடாக இருந்தது. டயருக்கு அடியில் ஈர்க்குச்சி நொறுங்கிக் கிடந்தது. தாள் கையோடு கிழிந்து வந்தது. அதற்கு மேல் கையை நகர்த்த அவளுக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது அவள் கொண்டை மேல் சின்ன முஷ்டி ஒன்று குத்தியது. நீதானா என்று கேட்பதுபோல் மறுபடியும் குத்தியது.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தோள், கழுத்து, இடுப்பு என்று தடவிக்கொண்டே போனாள். முழங்கால். பாதம். இன்னொரு பாதம். விரல்களைக்கூட விடாமல் தொட்டுப் பார்த்தாள். கூச்சத்தில் பிள்ளை நெளிந்தாள். காப்பாளர் அழுதாள்.

"அம்மா, மெயினைப் போடட்டுமா?" என்று வராந்தாவிலிருந்து வாட்ச்மேன் குரல் கொடுத்தார்.

"என்னாச்சு, கொழந்தை எதுவும் இருந்துச்சா?" என்றது டிரைவரின் குரல்.

அவள் பதில் சொல்வதற்குள் வாட்ச்மேன் போட்டுவிட்டார். பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. மரமும் ஜன்னல்களும் சிமிட்டத் தொடங்கின. படிக்கட்டில் பிள்ளைகள் கைதட்டிக் குதித்தார்கள். ஓட்டைப்பல் தன் முதுகிலிருந்து அறுந்து டயருக்கு அடியில் மாட்டியிருந்த இறக்கையைக் கோபத்தோடு இழுத்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் ஓடி வந்து ஏதோ கேட்டார். அது அவள் காதில் விழவில்லை. பிள்ளையை இடுப்போடு இறுக்கிக்கொண்டு, தலைக்கு மேல் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்த விளக்குகளையே அண்ணாந்து பார்த்தாள். முற்றத்தில் வேறு யாரும் பார்க்கவில்லை.