தாசில்தார் ஏன் பறப்பதில்லை

ராஜமாணிக்கம் வளர்த்த புறாக்களில் ஒன்றுக்குத் தாசில்தார் என்று பெயர். குஞ்சாக இருந்தபோதே அது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, யாரையும் ஏறெடுத்துப் பார்க்காமல் மொட்டை மாடியில் உலவிய தோரணையைப் பார்த்துவிட்டு அவர் மனைவி சரசு வைத்த பெயர் அது. ராஜமாணிக்கம் வேங்கிக்காலில் நிஜமான தாசில்தார் ஒருவர் இருக்கும் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருந்ததால், அந்தப் பெயர் வீட்டு வாசலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார்.

அவரிடம் இருந்தவை எல்லாம் ஹோமர் ஜாதி. எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீட்டுக்குத் திரும்பிவிடும். விடுமுறை நாட்களில் காலையில் அவற்றை மூங்கில் கூடையில் அடைத்து, பஸ்ஸில் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடி அண்ணாமலைக்குக் கொண்டுபோவார். அங்கே வெள்ளையம்மாள் டீக்கடைக்கு எதிரே கூடையைத் திறந்துவிடுவார். புறாக்கள் ஒரு வட்டமடித்துவிட்டு மலைக்கு மேலாக வேங்கிக்காலைப் பார்த்துப் பறக்கும். அவர் காலிக் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கிரிவலப் பாதை வழியாகவே வீடு திரும்புவார்.

2003ஆம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் நடந்து வீடு வந்து சேர்ந்தபோது மாடியில் ஒரு புறா குறைந்தது. பருந்து அடித்திருக்கும் என்று நினைத்து மனம் உடைந்துபோனார். குளித்து, சாப்பிட்டு, செய்தித்தாளை விரித்த நேரத்தில் சரசு வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

"தாசில்தார் வந்துட்டாருங்க. நடந்து வராரு."

தெருமுனையிலிருந்து தாசில்தார் வந்துகொண்டிருந்தது. ஓரமாக, அவசரமில்லாமல், ஒரு சைக்கிளுக்கு ஒதுங்கி வழிவிட்டு, கேட்டைத் தாண்டி உள்ளே வந்து, மாடிப்படியை ஒவ்வொன்றாக ஏறிப் போயிற்று.

அடுத்த வாரமும் அப்படித்தான். அதற்கடுத்த வாரமும். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார். அவர் இரண்டு இறக்கையையும் விரித்துப் பார்த்துவிட்டு, புறாவை மேலே தூக்கிப் போட்டார். அது அறையைச் சுற்றிப் பறந்து பீரோ மேல் உட்கார்ந்தது. நன்றாகத்தானே பறக்கிறது என்றார் மருத்துவர். பறக்கத் தெரியாது என்று தான் சொல்லவில்லை, பறந்து வர மாட்டேன் என்கிறது என்றார் ராஜமாணிக்கம். மருத்துவர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டு, தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொல்லிச் சத்து மருந்து எழுதிக்கொடுத்தார்.

விஷயம் முற்றியது பௌர்ணமியன்று. அன்று வேலை நாள்தான், ஆனாலும் சத்து மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. விடியற்காலையிலேயே புறாக்களை விட்டுவிட்டு வந்து, ராஜமாணிக்கம் அலுவலகம் போய்விட்டார். அன்று சீக்கிரமே கிளம்பிய பக்தர்களின் கூட்டத்தில் தாசில்தார் சிக்கிக்கொண்டது. சிக்கிக்கொண்டது என்று சொல்வதும் சரியில்லை. ஜனங்கள் அதற்கு வழிவிட்டார்கள். மலையை வலப்பக்கம் வைத்து, சாலையின் இடது ஓரமாக, எல்லாரும் எப்படிப் போகவேண்டுமோ அப்படியே அது போனது. யாரோ அதன் நெற்றியில் விபூதி வைத்துவிட்டார்கள். தேடிக்கொண்டு போன சரசு அதைக் குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் கண்டுபிடித்து, அங்கிருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து அலுவலகத்துக்குப் போன் செய்தாள். போனை எடுத்தவர் கண்காணிப்பாளர் ராஜேந்திரன். கணவர்தான் எடுத்தார் என்று நினைத்து அவள் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டாள்.

"தாசில்தாரு குபேர லிங்கத்துக்கிட்ட நடுரோட்ல நின்னுக்கினு பொரி துன்றாருங்க. கூப்ட்டா வர மாட்டேன்றாரு. சுத்திக் கூட்டம் ஜாஸ்தியாயிடுச்சு. துண்டு போட்டுத்தான் புடிக்கணும், சீக்கிரம் வாங்க."

ராஜேந்திரன் பொறுப்பானவர். எதிர்க்கேள்வி கேட்காமல் ஒரு ஜீப்பையும், இரண்டு ஆட்களையும், ஒரு துண்டையும் அனுப்பிவைத்தார். உண்மையான தாசில்தார் அந்த நேரத்தில் பக்கத்து அறையில் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் வெளியே வந்ததும் ஆளாளுக்கு அவர் கையைப் பிடித்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தார்கள். உண்மை தெரிந்ததும் ராஜமாணிக்கத்தை அழைத்து ராஜேந்திரன் மெல்லிய குரலில் சொன்னது இவ்வளவுதான்: ஒன்று அந்தப் பறவையின் பெயரை மாற்ற வேண்டும், அல்லது அதைப் பறக்க வைக்க வேண்டும்.

பெயரை மாற்ற முடியவில்லை. வேறு எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தேரடித் தெருவில் எழிலரசி ஒரு பிரவுசிங் சென்டர் நடத்தினாள். முன்பு அது அவளுடைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். உலகத்தில் எங்கெங்கோ புறா வளர்ப்பவர்களெல்லாம் ஒன்றுகூடி எழுதிக்கொள்ளும் ஒரு ஃபோரம் இன்டர்நெட்டில் இருப்பதை அவள்தான் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அதில் லட்சக்கணக்கான பதிவுகள் இருந்தன. மேலே ஓர் ஓரத்தில் தேடுவதற்கு ஒரு சின்னக் கட்டம்.

ராஜமாணிக்கம் அந்தக் கட்டத்தில் ஆங்கிலத்தில் அடித்தார். மதிப்பிற்குரிய ஐயா, திருவண்ணாமலை மாவட்டம் வேங்கிக்காலில் வசித்துவரும் நான், எனது ஆண் புறாவானது சில வாரங்களாகப் பறந்து வராமல் நடந்தே வருவதைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன். கட்டம் சின்னது என்பதால் எழுத்துகள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் மறைந்துகொண்டே இருந்தன. அவர் கவலைப்படாமல் கடைசியில் தன் பெயரையும் பதவியையும் போட்டு, தட்டினார். எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தது.

மனுவை நிராகரித்துவிட்டார்கள் என்று எழிலரசியிடம் வந்து சொன்னார். மேல்முறையீடு யாரிடம் செய்வது என்று கேட்டார்.

அவள் எழுந்து வந்து பார்த்தாள். அந்தப் பக்கம் யாரும் உட்கார்ந்து படிக்கவில்லை, அது சொல்லுக்குச் சொல் ஒத்துப்பார்க்கும் இயந்திரம், அவ்வளவுதான் என்று விளக்கினாள். வேங்கிக்கால் என்ற சொல்லும் அவருடைய பதவியும் இருக்கும் பதிவைத் தேடினால் எங்கிருந்து கிடைக்கும்? குறைக்கச் சொன்னாள். அவர் ஒரேயடியாகக் குறைத்து, 'புறா' என்று மட்டும் போட்டார். ஃபோரத்தில் இருந்த எல்லாப் பதிவும் வந்து நின்றது. 'நடை' என்று போட்டார். ஆட்கள் உள்ளே நடந்துபோகிற அளவுக்குப் பெரிய புறாக்கூடு கட்டுவது எப்படி என்று பக்கம் பக்கமாக வந்தது. அதில் ஒன்றை ஆர்வமாகப் படித்துவிட்டு, எதற்காக வந்தோம் என்பதே மறந்து வீட்டுக்குப் போனார்.

மறுநாள் எழிலரசி அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கே இப்போது அந்தப் புறா விஷயம் தெரிந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டிருந்தது.

"சார், உங்க கஷ்டத்த நீங்க சொல்ற மாதிரி தேடாதீங்க. இதே கஷ்டம் வந்தவன் ஒருத்தன் இருப்பான். அவன் எப்டிப் பொலம்பியிருப்பானோ, அப்டித் தேடுங்க."

இது ராஜமாணிக்கத்துக்குப் பிடித்திருந்தது. இருவரும் இரண்டு நாள் தேடுவதையே விட்டுவிட்டு, மற்றவர்களின் புலம்பல்களை மட்டும் படித்தார்கள். அந்த ஆட்கள் புறாவைப் புறா என்றே சொல்வதில்லை, பறவை என்கிறார்கள், ஆணைச் சேவல் என்கிறார்கள். கூடையைத் திறந்துவிடுவதற்கு அவர்களிடம் தனியாக ஒரு சொல் இருந்தது. அந்தச் சொற்களை வைத்து இருவரும் புலம்பிப் பார்த்தார்கள். பறக்க மறுக்கிறது என்று போட்டால் நோய்களாக வந்தன. தாமதமாக வருகிறது என்றால் பருந்துகள் வந்தன. கடைசியில் எழிலரசி, நடந்தே வீட்டுக்கு வருகிறது என்ற பொருளில் மூன்று ஆங்கிலச் சொற்களை அடித்து, இரு பக்கமும் மேற்கோள் குறி போட்டாள். அப்படிப் போட்டால் அந்தச் சொற்கள் அதே வரிசையில் சேர்ந்து வரும் இடத்தை மட்டும் காட்டும் என்றாள்.

ஒரே ஒரு பதிவு வந்தது.

எழுதியவர் பெல்ஜியத்துக்காரர். சொந்தப் பெயரை மறைத்து, சாம்பல்வால் என்று பொருள்படும்படி ஒரு பெயர் வைத்திருந்தார். என் சேவல் ஆரோக்கியமாக இருக்கிறது, இறக்கையில் குறையில்லை, ஆனால் ஒரு மாதமாக நடந்தே வீட்டுக்கு வருகிறது, அக்கம்பக்கத்தில் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். படித்ததும் ராஜமாணிக்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. உலகத்தில் இன்னொருவர் இருக்கிறார்.

கீழே பதில்கள் இருந்தன. முதலில் ஒருவர் மக்காச்சோளம் போடச் சொன்னார். இன்னொருவர் மக்காச்சோளமா, பட்டாணிதான் என்றார். மூன்றாமவர் வந்து இருவரையும் முட்டாள்கள் என்றார். அதற்குப் பிறகு பக்கம் பக்கமாகச் சண்டை. அதில் புறாவே இல்லை, யாருடைய தாத்தா எந்தப் போரில் இருந்தார் என்று போய்க்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே சாம்பல்வால் ஒரே வரி எழுதி முடித்திருந்தார்: 'கவலை வேண்டாம், சரியாகிவிட்டது. அனைவருக்கும் நன்றி.'

ராஜமாணிக்கம் அந்த வரிக்குக் கீழே மவுஸை உருட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. அலுவலகத்தில் இப்படி முடித்துக் கட்டிய கோப்புகளை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். ஆனால் கோப்பின் மறுபக்கம் உட்கார்ந்து ஒன்றைப் படிப்பது இதுதான் முதல் தடவை. கோபத்தில் எழுந்து வெளியே போய், ஒரு டீ குடித்துவிட்டு, இன்னும் கோபமாகத் திரும்பி வந்தார்.

எழிலரசி அதற்குள் வேறொன்று செய்திருந்தாள். அந்த ஆளின் பெயரைத் தட்டி, அவர் எழுதிய பதிவுகளை மட்டும் பிரித்தெடுத்திருந்தாள். எதை எதையோ எழுதியிருந்தார். கூட்டுக்குப் பெயின்ட், பூனை, மருமகன். புறாவோடு சம்பந்தமில்லாதவற்றைப் பேசிக்கொள்ளும் பகுதி ஒன்று இருந்தது. அங்கே, 'சரியாகிவிட்டது' என்று எழுதிய அதே வாரத்தில், முழங்கால் வலிக்காக டாக்டர் தன்னை நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதாகவும், இனிமேல் எல்லா இடத்துக்கும் ஸ்கூட்டரில்தான் என்றும் எழுதியிருந்தார்.

எழிலரசி இரண்டு பதிவுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"சார், நீங்க புறாவ வுட்டுட்டு எப்டி வூட்டுக்குப் போறீங்க?"

"நடந்துதாம்மா. சுகர் ஜாஸ்தின்னு ஆடி மாசத்துலேந்து டாக்டர் நடக்கச் சொன்னாரு. அதுக்கு முன்ன பஸ்தான்."

எழிலரசி திரையில் இருந்த முழங்கால் பதிவை விரலால் தொட்டுக் காட்டினாள். பக்கத்துத் தடுப்பில் யாரோ ஜாதகம் பிரிண்ட் எடுக்கும் சத்தம் கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் அடி அண்ணாமலையில் கூடையைத் திறந்துவிட்டு, நகராமல் வெள்ளையம்மாள் கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மற்ற புறாக்கள் போய்விட்டன. தாசில்தார் அவர் காலடியில் நின்றது. அவர் டீ குடித்தார். அது பெஞ்சுக்கு அடியில் போய் நிழலில் உட்கார்ந்தது. வெள்ளையம்மாளுக்கு இந்த ஆராய்ச்சியே பிடிக்கவில்லை. நடக்கும் புறாவைப் பார்க்க வருகிறவர்களால் அவள் கடையில் பஜ்ஜி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லா நடக்கிறத ஏங்க கெடுக்கிறீங்க?" என்றாள். "எத்தினி பேருக்கு இந்த புத்தி வரும்?"

ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. ராஜமாணிக்கம் சட்டென்று ஏறிக்கொண்டார். தாசில்தார் பெஞ்சுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, ஆட்டோ போவதைக் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. அவர் பின்பக்கமாகத் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே போனார். வளைவு வருவதற்குள் அது எழும்பிவிட்டது. ஆட்டோவுக்கு மேலே வந்து, அதைத் தாண்டி, மலையின் தோளைச் சுற்றி மறைந்தது. ஆட்டோவில் இருந்தவர்களிடம் அவர், பாவம், நான் நடந்ததால் துணைக்கு வந்திருக்கிறது என்றார். அவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

அவர் வீட்டுக்கு வந்தபோது தாசில்தார் மாடியில் கேழ்வரகு தின்றுகொண்டிருந்தது. அலுவலகத்தில் ராஜேந்திரனிடம் வாய்மொழியாக அறிக்கை கொடுத்தார். அவர் நல்லது என்று சொல்லித் துண்டைத் திருப்பிக் கேட்டார்.

இதோடு விட ராஜமாணிக்கத்துக்கு மனம் வரவில்லை. இனி எவனாவது இதே கஷ்டத்தில் இங்கே வந்து தேடினால் அவனுக்குக் கிடைக்க வேண்டும் என்று எழிலரசியிடம் சொன்னார். ஃபோரத்தில் சேர்ந்து, நடந்ததை முழுசாக எழுதினார். பெறுநர், பொருள், பார்வை ஆகியவற்றை அவள் வெட்டினாள். புலம்புகிறவன் பயன்படுத்தக்கூடிய சொற்களையெல்லாம் தலைப்பிலேயே வரும்படி வைத்தாள். நடந்தே வருகிறது, பறக்க மறுக்கிறது, இறக்கை நன்றாக இருக்கிறது, அக்கம்பக்கத்தில் சிரிக்கிறார்கள்.

ஐப்பசியில் அதற்கு முதல் பதில் வந்தது. எழுதியவர் சாம்பல்வால்.

அவர் முழங்கால் குணமாகிவிட்டதாம். புறா மறுபடியும் நடக்கிறதாம். போன தடவை எப்படிச் சரியாயிற்று என்று எவ்வளவு யோசித்தும் அவருக்கு நினைவு வரவில்லை. தேடினார். தன்னுடைய பழைய பதிவே கிடைத்தது. ஆவலோடு கடைசி வரைக்கும் படித்து, கடைசி வரியை எழுதியவனை வாயில் வந்தபடி திட்டிவிட்டு, அப்புறம்தான் பெயரைப் பார்த்தாராம். இன்னொரு தடவை தேடியபோது இந்தத் தலைப்பு வந்தது. காரணம் புரிந்துவிட்டது, நன்றி. ஆனால் இப்போது டாக்டர் கட்டாயம் நடக்கச் சொல்கிறார், என்ன செய்ய என்று கேட்டிருந்தார்.

ராஜமாணிக்கத்துக்கும் அதே சங்கடம்தான். ஆட்டோவில் போக ஆரம்பித்ததிலிருந்து அவருக்குச் சுகர் மறுபடியும் ஏறிவிட்டது. வீட்டைச் சுற்றி நடந்தாலே தாசில்தார் மாடியிலிருந்து இறங்கி வந்து பின்னால் சேர்ந்துகொண்டது. இருவரும் ஃபோரத்தில் மாறி மாறி எழுதிக்கொண்டார்கள். பெல்ஜியத்துக்காரர்தான் வழி கண்டுபிடித்தார். மனைவியின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்தால் புறாவுக்கு அடையாளம் தெரியவில்லை என்று எழுதினார். மேலிருந்து பார்க்கும் பிராணி அது, மேலே தெரிவதைத்தான் மறைக்க வேண்டும்.

சரசுவிடம் மழைக்கோட்டு இல்லை. அவளுடைய பூப்போட்ட குடை இருந்தது. மறுநாள் காலை, ஒரு மேகம்கூட இல்லாத வானத்தின் கீழே, ராஜமாணிக்கம் குடையை முழுசாக விரித்து, முகம் தெரியாதபடி தாழ்த்திப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார். மாடியிலிருந்து எதுவும் இறங்கி வரவில்லை. எதிர்வீட்டுக்காரர் பல் துலக்குவதை நிறுத்திவிட்டு, சார் எங்கே கிளம்பிவிட்டார் என்று சரசுவைக் கேட்டார்.

"வாக்கிங்குங்க" என்றாள் அவள். "டாக்டர் சொன்னாரு."