குழந்தைவேலு விழுங்கிய குறைகள்

கோபிப் பக்கத்து ஊர்களில் வீடியோ கேம்கள் விற்பனைக்குக் கடைக்குப் போவதற்கு முன்னால், தங்களை விளையாடிப் பார்த்தவரின் வீட்டுக்கு வந்து, காபி குடித்து, நிறை குறை கேட்டுக்கொண்டு போவது வழக்கம். முகத்துக்கு நேராகச் சொன்ன குறை கேமை விட்டுப் போய்விடும். கேட்டபோது, பார்த்திருந்தும் சொல்லாமல் விழுங்கிய குறை, கேமிலும் இருக்கும், விழுங்கியவரிடமும் வந்து ஒட்டிக்கொள்ளும். கேம் கிளம்புவதற்குள் யாராவது அதைச் சொல்லிவிட்டால்தான் இரண்டையும் விட்டுப் போகும்.

இதில் சிக்கலே ஊர்க்காரர்களின் மரியாதைதான். வாசல் தேடி வந்ததை மூஞ்சியில் அடித்தாற்போல் யார் பேசுவது? எது வந்தாலும் "நல்லாத்தானுங்க இருக்குது" என்று சொல்லி அனுப்பிவிட்டு அப்புறம் அவஸ்தைப்படுவார்கள். பக்கத்து வீட்டு நாச்சிமுத்து, குதிரை சுவரில் சிக்கி நிற்கும் ஒரு பந்தய கேமின் குறையை விழுங்கியதிலிருந்து, சாயங்காலமானால் சுவரில் முட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நடக்கிறார். அவர் சம்சாரம் வந்து தோளைப் பிடித்துத் திருப்பி விட்டால்தான் சாப்பிட வருவார். அறைக்கு அறை லோடாகிற கேம் ஒன்றைப் பொறுத்துக்கொண்ட பேங்க் மேனேஜர் ஒவ்வொரு வாசற்படியிலும் அசையாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் அடுத்த அறைக்குள் போகிறார். க்யூவில் நிற்பவர்கள் காத்திருப்பார்கள்.

மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் குழந்தைவேலுவின் உடம்பில் மட்டும் அப்படி ஒரு குறையும் கிடையாது. மனுசன் எதையும் பொத்திப் பேச மாட்டார். கார் ஓட்டும் கேம் ஒன்று வந்தபோது, "வண்டி வெண்ணெய் மாதிரி போகுதுங்க. ஆனா ஊருக்குள்ள அத்தனை பேருக்கும் ஒரே மூஞ்சி" என்றார். சண்டை கேம் ஒன்றிடம், "சுடறது சொகமா இருக்குதுங்க. எதுக்குச் சுடறோம்னுதான் கடைசி வரைக்கும் தெரியலை" என்றார். வந்ததெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே படியிறங்கிப் போயின. தெருவே பார்த்தது. அவர் மனைவி வசந்தாமணிக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் வசந்தாமணியின் அண்ணன், கோயமுத்தூர் சென்னியப்பன், சோறு தூக்கம் பாராமல் ஒரு கேமைச் செய்து முடித்தார். வறண்ட கிணறுகளில் ஒவ்வொன்றாக இறங்கித் தண்ணீர் தேடும் கேம். குழந்தைவேலு அதை ஒரு வாரம் விளையாடினார். அது வருகிற அன்று காலையில் வசந்தாமணி கைகளைக் கட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

"ஏனுங்க, வரப்போறது எங்கண்ணன் பெத்ததாட்டம். இந்த வீட்டை விட்டு அது அழுதுட்டுப் போச்சுன்னா, நானும் அதுகூடவே எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன். திரும்பி வர மாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். கல்யாணமான புதிதில் இனி பாகற்காய் சமைக்க மாட்டேன் என்றாள். இன்று வரை சமைக்கவில்லை. பாவம், குழந்தைவேலுவுக்குப் பாகற்காய் என்றால் உயிர். வசந்தாமணி என்றால் அதைவிட உயிர்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேம் வந்தது. ஒரு சின்ன பீரோ உயரம் இருக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டு, சோபாவின் நுனியில் ஒட்டினாற்போல் உட்கார்ந்தது. கேமுக்குள் அடிக்கிற காற்றில் வீட்டுக் காலண்டர் தாள் ஆடியது.

"நல்லா இருக்கீங்களா மாமா? அத்தை, நீங்க?" என்றது. முறை தெரிந்த கேம்.

நிறைகளைச் சொல்வதில் குழந்தைவேலுவுக்குச் சிரமமே இல்லை. கிணற்றில் கல் போட்டால் ஆழத்துக்குத் தகுந்தபடி சத்தம் மாறுவதைச் சொன்னார். மேகம் கூடி, பெய்யாமல் கலைகிற இடத்தில் தான் விளையாட்டை நிறுத்தி, வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்ததைச் சொன்னார். அத்தனையும் சத்தியம். கேம் வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தது.

"குறைங்க மாமா?"

வசந்தாமணி சமையலறைக் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைவேலுவுக்கு வாய் வரைக்கும் வந்தது. எச்சிலைக் கூட்டி விழுங்கினார்.

"குறை ஒண்ணுமில்லைங்க மருமகனே" என்றார்.

விழுங்கியது உடனே வேலையைக் காட்டியது. வசந்தாமணி காபி கொண்டுவந்து நீட்டினாள். அவர் அவளைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "டம்ளரை எடுக்க வலது கையை நீட்டவும். குடிக்க வாயைத் திறக்கவும். இப்போது விழுங்கவும். மிக நன்று."

அவள் பலகாரத் தட்டை எடுக்க உள்ளே போனாள். உதவுவதற்காக அவரும் டம்ளரோடு கூடவே எழுந்தார். அவர் நடந்தால் அவளை முந்தினார். அவள் வேகத்தைக் கூட்டினால் பின்தங்கினார். நாலு எட்டு தூரமுள்ள சமையலறைக்கு இருவராலும் சேர்ந்து போய்ச் சேர முடியவில்லை. ஒருவழியாக அவள் அவர் பக்கம் திரும்பியதும், "கிணத்துல தண்ணி வத்திப்போச்சு. நீதான் காப்பாத்தோணும்" என்றார்.

"என்னங்க?"

"கிணத்துல தண்ணி வத்திப்போச்சு. நீதான் காப்பாத்தோணும்."

இரண்டடி தள்ளிப் போய்விட்டு மறுபடி கிட்டே வந்து பார்த்தாள். அதையேதான் சொன்னார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. காலத்துக்கும் இந்த ஒரே வார்த்தையைக் கேட்டுக்கொண்டா குடும்பம் நடத்துவது? வசந்தாமணிக்கு இந்தாள் உடைத்துப் பேசிப் பேசித் தன் மானத்தை வாங்கியதெல்லாம் இப்போது எவ்வளவோ தேவலாம் என்றிருந்தது.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அவர் கடைக்குப் போன பிறகு அந்த கேமைப் பகலெல்லாம் விளையாடி அவருக்கு முன்பே முடித்தவள் அவள். வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"கண்ணு, அத்தை சொல்றன்னு மனசு சங்கடப்படாதே. முதல் கிணறு தாண்டறதுக்குள்ள நடக்கறது எப்படி, குனியறது எப்படின்னு நீ நடத்துற பாடம் இருக்குது பாரு, தாங்க முடியலை. நாங்க என்ன நேத்துப் பொறந்தவங்களா?"

உள்ளே நின்றுபோயிருந்த குழந்தைவேலு, பாடம் நடத்தாமல் தானாகவே காபியைக் குடிக்கும் சத்தம் கேட்டது.

"அப்புறம் அந்தக் கன்னுக்குட்டி. அதைக் கூட்டிட்டுப் போகச் சொல்ற, சரி. நாம நடந்தா முந்துது, ஓடுனா நின்னுக்குது. எனக்கு வந்த கோபத்துக்கு அதைக் கிணத்துக்குள்ளயே தள்ளிட்டேன். அந்த ஊர்த்தலைவரும் எத்தனை தடவை போனாலும் ஒரே பேச்சுத்தான் பேசறாரு. அவருக்கு நாலு வார்த்தை சேத்திக் குடுக்கச் சொல்லு உங்கப்பன்கிட்ட."

குழந்தைவேலு கூடத்துக்கு வந்து அவளருகே நின்றார். "ஆமாங்க மருமகனே. அத்தை சொல்றது நூத்துக்கு நூறு" என்றார்.

கேம் அழுதுவிட்டது. உள்ளே இத்தனை நாள் பெய்யாத மழை பெய்து, சோபாவின் அடியில் தண்ணீர் தேங்கியது. வசந்தாமணி திடுக்கிட்டாள். அழுதபடி அது படியிறங்கினால் அவளும் இறங்கியாக வேண்டும். துண்டை எடுத்துவந்து மேலிருந்து கீழ்வரை துவட்டினாள். குழந்தைவேலு மேஜை விசிறியைத் திருப்பி வைத்தார். கல் விழுகிற சத்தத்தைப் பற்றி மறுபடி சொன்னார். மெல்ல மெல்ல மழை விட்டது.

கேம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து, செருப்பைப் போட்டது. பிறகு திரும்பிப் பார்த்துக் கேட்டது.

"முடிவு எப்படிங்க மாமா?"

அங்கேதான் சிக்கல் வந்து நின்றது. உண்மையில் அந்த கேமுக்கு முடிவே இல்லை. தண்ணீர் வந்ததும் கதாநாயகன் கிணற்று மேட்டில் உட்காருவான். மஞ்சள் வெயில் அடிக்கும். அவ்வளவுதான். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அவன் எழுந்திருக்க மாட்டான், பொழுதும் சாயாது. பெரிய குறை. சொன்னால் அது மறுபடி அழும். அழுதால் வசந்தாமணி போய்விடுவாள்.

குழந்தைவேலு அவளைப் பார்த்தார். அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிவுல குறை ஒண்ணுமில்லைங்க" என்றார்.

"ஒண்ணுமே இல்லை கண்ணு" என்றாள் வசந்தாமணி.

கேம் சிரித்த முகமாகப் படியிறங்கி, தெருமுனை வரை கையசைத்துக்கொண்டே போனது. இருவரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மஞ்சள் வெயில் அடித்தது. தெருவில் இருட்டியது, விளக்குகள் எரிந்தன, நாய்கள் படுத்தன, பால்காரர் மணியடித்துக்கொண்டு வந்து போனார், திரும்பவும் இருட்டியது. அவர்கள் வாசலில் மட்டும் பொழுது சாயவில்லை, அவர்கள் எழுந்திருக்கவும் இல்லை.

பக்கத்து வீட்டிலிருந்து நாச்சிமுத்துவின் சம்சாரம் ஒரு முறம் மிளகாயோடு எட்டிப் பார்த்தார்.

"உங்க வெயில்ல கொஞ்சம் காயப் போட்டுக்கறனுங்க?"

"ஓரமாப் போட்டுக்கங்க" என்றாள் வசந்தாமணி. குழந்தைவேலு உட்கார்ந்தபடியே தன் நாற்காலியை அவள் பக்கமாக நகர்த்தி இடம் விட்டார்.