பாவு போட்ட ஞாயிற்றுக்கிழமை

யதிராஜன் பெயரைக் கேட்டாலே திருஞானசம்பந்தத்துக்கு வயிறு எரியும். சும்மாவா எரியும்? சென்னையில் ஒரு மில் டீமில் இரண்டு பேரும் சம்பளத்துக்குப் பந்து விளையாடிய காலத்திலேயே பிடித்த நெருப்பு அது. சம்பந்தம் நடுவில் நிற்கும் ஹாஃப். மைதானம் முழுக்க நாயாய் ஓடி, பந்தைப் பறித்து, சென்டர் ஃபார்வர்ட் யதிராஜன் காலடியில் பதவிசாகக் கொண்டுபோய் வைப்பான். அந்த மகராசன் ஒரு தட்டுத் தட்டுவான். கோல்! மறுநாள் பேப்பரில் போட்டோ யாருக்கு? யதிராஜனுக்கு.

முட்டி தேய்ந்து 1973இல் இரண்டு பேரும் காஞ்சிபுரத்துக்கே திரும்பினால் இங்கேயும் அதே கதை. ஊர்க் கால்பந்து சங்கம் சின்ன காஞ்சிபுரத்து யதிராஜனை கோச் ஆக்கியது, பிள்ளையார்பாளையத்துச் சம்பந்தத்தை உதவி கோச் ஆக்கியது. உதவியாம், உதவி! வலை கட்டுவதும் பந்துக்குக் காற்றடிப்பதும்தான் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை சங்கச் செயலாளர் கலியாணசுந்தரம் பிராக்டீஸ் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் யதிராஜன் பதவி நிரந்தரம். சம்பந்தம் காலத்துக்கும் எடுபிடிதான்.

சனிக்கிழமை சாயங்காலம் டீமில் லெஃப்ட் அவுட் ஆடும் அர்ஜுனன் வழியில் சம்பந்தத்தைப் பார்த்துச் சைக்கிளை நிறுத்தினான்.

"அண்ணே, நாளைக்குக் காலையில எங்க தெருவுல பாவு போடறோம். நாங்க எட்டு பேரும் வர முடியாது. பிராக்டீஸை சாயங்காலம் வச்சிக்கச் சொல்லி யதிராஜன் சார் கிட்ட சொல்லிடுண்ணே."

நெசவாளி வீட்டில் பிறந்த சம்பந்தத்துக்கு இதை விளக்க வேண்டுமா? தறிக்குப் போகும் பட்டிழையைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுவிட்டால், காய்கிற வரைக்கும் ஒரு ஆள் நகர முடியாது. யதிராஜனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

"சொல்லிடறேன், நீ போப்பா" என்றான்.

சொல்லத்தான் போனான். யதிராஜன் வீட்டுக் கூடத்தில் அந்தப் பழைய பேப்பர் போட்டோ, சட்டம் போட்டு மாட்டியிருந்தது. யதிராஜன் மனைவி பெருந்தேவி கொடுத்த காபியைக் குடித்தான், மழை வருமா வராதா என்று பேசினான், எழுந்து வந்துவிட்டான். படட்டும், நன்றாகப் படட்டும்!

காலையில் செயலாளர் காரை விட்டு இறங்கும்போது மைதானத்தில் மூன்றே பேர்.

"இன்னாப்பா யதிராஜன், டீமு எங்க?"

யதிராஜன் திருதிருவென்று விழித்தான். தூரத்தில் வலை கட்டிக்கொண்டிருந்த சம்பந்தத்துக்கோ சர்க்கரைப் பொங்கல் தின்றதுபோல் இருந்தது.

"பசங்களுக்கு என்ன ஆச்சுன்னு தெரியலையே, போய்ப் பார்த்துடலாம் சார்" என்று யதிராஜன் பதறினான். செயலாளர் சம்பந்தத்தையும் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டார். பிள்ளையார்பாளையத்தில் அர்ஜுனன் தெருவை அடைத்துக்கொண்டு பாவு நீண்டிருந்தது. எட்டுப் பேரும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்கள்.

"நேத்தே சம்பந்தண்ணன் கிட்ட சொன்னோமே சார்! சொல்லலியா?" என்று அர்ஜுனன் கேட்டான்.

செயலாளர் திரும்பினார். சம்பந்தம் அவசரமாக இழைகளைக் குனிந்து பார்த்தான். யதிராஜன் அவன் முகத்தைப் பார்த்தான். புரிந்துகொண்டுவிட்டான், படுபாவி. அர்ஜுனனும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

"சொன்னான் சார். நேத்து ஆத்துக்கே வந்து சொன்னான். நான்தான் சுத்தமா மறந்துட்டேன்."

செயலாளருக்குக் கோபம் தலைக்கேறியது. "இவ்ளோ மறதி வச்சிக்கினு டீமை எப்டிப்பா நடத்துவ? சம்பந்தம், இனிமே நீதான் கோச். இவரு உனக்கு உதவியா இருக்கட்டும்."

"தாராளமா இருக்கேன் சார்" என்று யதிராஜன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பாவின் ஓரத்துக்குப் போனான். அர்ஜுனன் நகர்ந்து இடம் கொடுத்து, எங்கே பிடிக்க வேண்டும் என்று காட்டினான்.

ஆசைப்பட்ட பதவி வந்துவிட்டது. எரிச்சல் அடங்கியதா? முன்னைவிட அதிகமாகத்தான் எரிந்தது. கோல் போட்டதற்குப் பொறாமைப்பட்டால் ஒரு நியாயம் உண்டு. அடுத்தவன் பழியை ஏற்றுக்கொண்டதற்குமா ஒருத்தன் பொறாமைப்படுவான்? சம்பந்தம் பட்டான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனும் பாவைப் பிடிக்கப் போனான்.

அர்ஜுனன் தலையை நிமிர்த்தவில்லை.

"வேணாம் சார்" என்றான். "ஆளு இருக்குது."