எடுக்காத ஆணி

எஞ்சின் வேகம் பிடித்தது. அதன் தலையில் சுழன்ற இரண்டு பித்தளைக் குண்டுகளும் விரிந்து மேலே ஏறின. நீராவி அடைபட்டுச் சக்கரம் தளர்ந்ததும் குண்டுகள் கீழே இறங்கின. உடனே சக்கரம் மறுபடியும் பாய்ந்தது. மலாக்காவில், காஜா பெராங் வாடகை வீட்டின் சமையலறையில், பலகைமேல் நின்ற அந்த ஒரு முழ எஞ்சினை மாணிக்கவாசகம் பார்த்தார்; கூடத்துக்குப் போனார்; திரும்பி வந்தார். காலையிலிருந்து இதே நடைதான்.

"ஒரு நிலையில நிக்க மாட்டேங்குதுங்க" என்றாள் சாரதாம்பாள்.

ஸ்பிரிங்கை இன்னும் அரைச் சுற்று இறுக்கச் சொன்னார். இறுக்கினாள். மூன்று வாரமாக அவர் வாயால் சொல்வதை அவள்தான் கையால் செய்துவந்தாள். அவருடைய வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. மிச்சமிருந்தவை கட்டுக்குள் இருந்தன.

அவர் அரிசி ஆலையில் எஞ்சின் டிரைவர். மே மாதத்தில் ஒரு காலை ஆலை எஞ்சின் கட்டு மீறி ஓடி, பெரிய சக்கரம் வெடித்துச் சுவரைப் பெயர்த்தது. வேகத்தை அளவில் வைக்கும் கவர்னரைச் சுழற்றுகிற பெல்ட் கழன்றுவிட்டது. எண்ணெய் போடும் சின்னப்பா அதை இறுக்கவில்லை. மேனேஜர் அப்படித்தான் எழுதினார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி மாணிக்கவாசகமும் அதற்குக் கைநாட்டு வைத்தார். சின்னப்பாவை அன்றே வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். இப்போது பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ரோட்டுக்குக் கல் உடைக்கிறான் என்று கேள்வி.

அவருடைய டிரைவர் சர்டிபிகேட்டையும் யந்திர இலாகா வாங்கி வைத்திருந்தது. திங்கட்கிழமை விசாரணை. மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்கு முன் கப்பல் ஏறவிருந்த இலாகாத் துரை, கையிலிருக்கும் வழக்குகளை முடித்துக்கொண்டிருந்தார். உடைந்த எஞ்சின் பழைய இரும்புக்குப் போய்விட்டதால், பெல்ட் கழன்றால் என்ன ஆகும் என்பதைச் சின்ன எஞ்சினில் ஓட்டியே காட்டிவிடலாம் என்று மாணிக்கவாசகத்துக்குத் தோன்றியது. வீட்டுக்காரர் பிச்சை கடிகாரம் பழுது பார்ப்பவர், தலைமுறையாக மலாய் பேசும் மலாக்காச் செட்டி. குண்டுகளை அவர்தான் கடைந்து கொடுத்தார். மலாக்காவுக்குத்தான் புதுக் கவர்னர் வரப்போகிறார், உனக்கும் ஒன்று வேண்டுமா என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். ஆனால் ஆலைப் புத்தகத்தில் இருந்த படத்தை முன்னால் வைத்துக்கொண்டு, ஒரு துளை விடாமல் எல்லாவற்றையும் போட்டுத் தந்தார்.

ஸ்பிரிங்கை இறுக்கியும் எஞ்சின் அடங்கவில்லை. தளர்த்தினால் இன்னும் மோசமானது. மாணிக்கவாசகம் தண்ணீர் குடித்தார், ஜன்னலைத் திறந்தார், மூடினார். சாரதாம்பாள் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "ஏறும்போது இந்த வளையம் சிக்கிச் சிக்கித்தான் ஏறுது" என்றாள். கொதிகலனுக்கு அடியில் எரிந்த ஸ்பிரிட் விளக்கை அணைத்து, கவர்னரைக் கழற்றி, நடுத்தண்டைச் சாம்பலால் தேய்த்துத் துடைத்துத் தையல் மிஷின் எண்ணெய் விட்டாள். திரும்ப மாட்டி, எப்போதும்போல் குண்டுகளை விரலால் தூக்கிப் பிடித்துக் கிளப்பி ஓட்டியபோது குண்டுகள் ஓர் உயரத்தில் நின்று சீராகச் சுழன்றன. அவர் அன்று முதல்முறையாக உட்கார்ந்தார்.

"இப்ப கயித்த அறு."

பெல்ட்டுக்குப் பதிலாகப் போட்டிருந்த நூல்கயிற்றை அவள் பிளேடால் அறுத்தாள். குண்டுகள் தொப்பென்று அடிமட்டத்துக்கு விழுந்து நீராவியை அடைத்தன. எஞ்சின் வெறி பிடித்து ஓடவில்லை. இரண்டு சுற்று சுற்றிவிட்டு நின்றுவிட்டது.

அவருக்குப் புரிந்துவிட்டது. தட்டில் கிடந்த சின்ன ஆணியைக் காட்டி, அதை நடுத்தண்டின் துளையில் சொருகிவிட்டு மறுபடி அறுக்கச் சொன்னார். அவள் புதுக் கயிறு கட்டினாள். இந்த முறை ஆணி முட்டுக் கொடுத்ததால் குண்டுகள் பாதியிலேயே நின்றன. நீராவி முழுசாகப் பாய்ந்தது. எஞ்சின் ஊளையிட்டது, பலகை குதித்தது. அவள் விளக்கை ஊதி அணைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"இந்த ஆணி எதுக்குங்க?"

சொன்னார். எஞ்சினைக் கிளப்பும்போது அவள் விரல் செய்ததுபோல் குண்டுகளைத் தூக்கிப் பிடிக்கத்தான் அது. வேகம் வந்ததும் உருவிவிட வேண்டும். உருவியிருந்தால், பெல்ட் கழன்ற உடனே குண்டுகள் அடிவரை விழுந்து நீராவி தானே அடைபட்டிருக்கும்.

"நீங்க உருவலையா?"

"அன்னைக்கு மட்டுமில்ல. ஒரு வருசமா உருவல." பெல்ட் லேசாக நழுவினாலே எஞ்சின் நின்றுபோகும், நெல் குவியும், மேனேஜர் கத்துவார் என்றார். பிறகு, "சின்னப்பா பெல்ட்ட இறுக்கலதான்" என்றார்.

"இறுக்கலன்னா எஞ்சின் நின்னுருக்கும். அவ்வளவுதானே?"

 சூடு தணிந்த கொதிகலன் டிக் டிக்கென்று சத்தம் போட்டது. அவர் ஆணி வெளியே தெரியாதபடி ஈயம் வைத்து ஒட்டிவிடச் சொன்னார். தண்டோடு சேர்ந்த பாகம்போல இருக்கும், துரைக்குத் தெரியாது; பெல்ட் போனதால்தான் பாய்ந்தது என்று எழுதுவார்.

சாரதாம்பாள் ஈயக்கோலைப் பலகைமேல் வைத்தாள். "இத உங்க கையாலயே செஞ்சுக்குங்க."

இடக்கையால் முயன்றார். ஈயம் வளையத்தில் சொட்டியது, பலகையில் சொட்டியது, காலில் சொட்டியது. கோலைப் போட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார். செட்டிகள் குடியிருக்கும் கம்பத்தைத் தாண்டி ஆறுவரை போனார், பாலத்தில் நிற்க முடியாமல் திரும்பினார், திரும்பவும் போனார். சொல்லிவிட்டால் சர்டிபிகேட் போகும். அது இல்லாமல் தனக்கு என்ன தெரியும் என்று யோசித்தார். கல் உடைக்கவும் ஒரு கைதான் இருந்தது. பொழுது சாயும் நேரம் வீட்டுக்கு வந்தபோது, வளையத்தில் ஒட்டியிருந்த ஈயத்தை அவள் சுரண்டி எடுத்திருந்தாள். ஆணி தட்டில் இருந்தது. 

திங்கட்கிழமை சாட்சி சொல்லச் சின்னப்பாவையும் வரவழைத்திருந்தார்கள். இரவல் சட்டை தோளில் தொங்க, நகக்கண்களில் தாரோடு சுவரோரம் நின்றான். அவரைக் கண்டதும், "கை எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டான். அவர் கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

துரையின் மேசைமேல் எஞ்சின் ஓடியது. கயிற்றை அறுக்கச் சாரதாம்பாளுக்கு மாணிக்கவாசகம் தலையசைத்தார். எஞ்சின் நின்றது. துரை நிமிர்ந்து பார்த்தார். மாணிக்கவாசகம் ஆணியைத் தன் கையாலேயே எடுத்தார். இடக்கைக்குத் துளை அகப்பட நேரம் ஆனது. யாரும் உதவவில்லை. இரண்டாம் முறை கயிறு அறுந்ததும் மேசைமேலிருந்த காகிதங்கள் அதிர்ந்தன. எஞ்சினை அணைத்தபின் தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னார்: சக்கரம் வெடித்தது பெல்ட்டால் அல்ல, ஆணியை எடுக்காமல் விட்டவன் நான். துரை அதை எழுதிக்கொண்டு, முன்பு வைத்த கைநாட்டைக் காட்டி, இது பொய்யா என்று கேட்டார். ஆமாம் என்றார்.

சர்டிபிகேட் திரும்பி வரவில்லை. எழுத்தில் முடிவு வரும் என்றார்கள். சின்னப்பாவிடம் அவன்மேல் குற்றமில்லை என்று ஒரு காகிதத்தைக் கொடுத்து, ஆலையில் காட்டச் சொன்னார்கள். அவன் அதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். மாணிக்கவாசகத்தைப் பார்க்காமலே வெளியே போனான்.

"சின்னப்பா" என்று பின்னாலேயே இறங்கினார். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்திருந்தான். அதற்குள் மெர்டேக்கா வளைவு கட்ட மூங்கில் ஏற்றிய லாரி ஒன்று இடையில் வந்து, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் நின்றது. அவர் குனிந்து பார்த்தார். லாரிக்கு அடியில், அந்தப் பக்கம், சைக்கிள் சக்கரங்களும் தார் படிந்த இரண்டு பாதங்களும் தெரிந்தன. பாதங்கள் இந்தப் பக்கம் திரும்பி, அசையாமல் நின்றன. லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.