கேசட்டுக்குள் கிடந்த வட்டை

என் கணவர் திவாகரனுக்கு எதையும் கழற்றாமல் இருக்க முடியாது. எங்கள் வீட்டு மிக்சி, சுவர்க்கடிகாரம், அயல்வீட்டு ரைஸ்குக்கர் எல்லாம் அவர் கைபட்டுத் திரும்பியவைதான். எங்கள் ஊர் செட்டிபாளையத்தில் தோணி எஞ்சின் நின்றுபோனால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நல்ல கைதான், அதில் குறை சொல்ல மாட்டேன்.

அவர் கழற்றக் கூடாத ஒன்று வீட்டில் இருந்தது. என் தம்பி உதயரூபனின் பழைய கையடக்க கேம் செட்டும், அதில் செருகுகிற கேசட்டும். மாமா கட்டாரிலிருந்து கொண்டுவந்தது. பயிர் செய்து மாடு வளர்க்கிற விளையாட்டு. தம்பி அதில் தன் காணிக்கு ஆங்கில எழுத்தில் ‘வட்டை’ என்று பெயர் வைத்திருந்தான். வயல்வெளியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அங்கே திரிகிற நாய்க்கு என் பெயர். அதற்காக அவனோடு சண்டையும் பிடித்திருக்கிறேன்.

ஆரையம்பதியில் மோட்டார் சைக்கிள் விபத்தில் அவன் போன பிறகு, அந்த நாயைப் பார்ப்பதற்காகவே கேம் செட்டைப் போடுவேன். அவன் கடைசியாகத் தண்ணீர் ஊற்றிய பாத்தி ஈரமாகவே கிடக்கும். எதையும் அழுத்த மாட்டேன். பார்த்துவிட்டு நிறுத்திவிடுவேன்.

உப்புக்காற்றில் கேசட்டின் பற்கள் பச்சை பூத்துவிடும். காத்தான்குடியில் போன் திருத்துகிற பஹ்மி நானாவிடம் கொண்டுபோவேன். பென்சில் அழிக்கிற றப்பரால் மெதுவாகத் தேய்த்து, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்துத் தருவார். ஒருமுறை மூடியைத் திறந்து, உள்ளே காசு மாதிரி இருந்த சின்னப் பற்றரியைக் காட்டினார். தம்பி செய்ததையெல்லாம் இதுதான் பிடித்து வைத்திருக்கிறது, இது கழன்றால் எல்லாம் அழிந்துவிடும் என்றார். இதை நான் திவாகரனிடம் சொல்லவில்லை. சொன்னால் புதுப் பற்றரி மாற்றித் தருகிறேன் என்று கிளம்பிவிடுவார் என்று பயம்.

கார்த்திகை மழையில் ஊரோரத்து உப்பு வாவி பெருகி வீட்டுக்குள் வந்தது. பிள்ளைகளையும் நெல் மூட்டைகளையும் காப்பாற்றியதில் கேசட் இருந்த அலுமாரியின் கீழ்த்தட்டை மறந்துபோனோம். தண்ணீர் வடிந்த அன்று நான் நிவாரணச் சாமான் எடுக்கப் போய்விட்டு வந்தால், திவாகரன் பேப்பர் விரித்து கேசட்டோடு உட்கார்ந்திருந்தார். பற்கள் பளபளவென்று இருந்தன. அதன் மூடித் திருகாணிக்குப் பொருந்துகிற சாவி ஊரில் கிடையாது. பேனைக் கூட்டின் நுனியைச் சூடாக்கி, திருகாணி மேல் அழுத்தி, அதையே சாவியாக்கிக் கழற்றியிருக்கிறார். சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு.

“வாவித்தண்ணிக்குள்ள விழுந்தா முதல் வேலை பற்றரியக் கழட்டுறதுதானே. இல்லாட்டி உப்பு எல்லாத்தையும் திண்டிரும்” என்றார்.

இங்கே எல்லாரும் செய்வது அதைத்தான். தோணியிலிருந்து போன் விழுந்தால் நானும் முதலில் அதைத்தான் செய்வேன். அவர் மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை.

கேசட்டைச் செருகிப் போட்டார். பாட்டு வந்தது, வெளிச்சம் வந்தது. தம்பியின் பெயர் நிற்கிற இடம் வெறுமையாக இருந்தது. புதிதாகத் தொடங்கச் சொல்லி, காணிக்கு என்ன பெயர் என்று கேட்டது.

“மச்சான்ட வட்டை எங்க, யசோ?”

மறைத்திருக்கலாம். வாய் கேட்கவில்லை, எல்லாம் அந்தப் பற்றரியில்தான் இருந்தது என்று சொல்லிவிட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்து விரித்தார். பற்றரியை எறியாமல் வைத்திருந்தார்.

“இதத் திருப்பி வெச்சா வராதா?”

வாவிக்குள் மூழ்கிய எஞ்சின்களை எழுப்பிவிட்ட மனிதர் என்னைப் பார்த்துக் கேட்கிறார். இல்லையென்று தலையாட்டினேன். அப்படியும் மோட்டார் சைக்கிளை எடுத்தார். நானும் ஏறினேன்.

பஹ்மி நானா எல்லாவற்றையும் கேட்டார். போனது போனதுதான் என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, பற்றரியை மீற்றரில் வைத்துப் பார்த்தார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

“இதுல இன்னும் கரண்ட் இரிக்கு தங்கச்சி. கழட்டாம இருந்தா கனகாலம் ஓடியிரிக்கும்.”

திவாகரன் அதை வாங்கித் திரும்பவும் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். வரும் வழியில் ஒரு கையால் பையைப் பொத்திக்கொண்டே ஓட்டினார். தம்பி அடிபட்ட ஆரையம்பதி வந்தபோது சொன்னேன்.

“ரெண்டு கையாலயும் பிடிச்சு ஓட்டுங்க.”