போதும் என்று சொன்ன விமானம்

ஒரே ஒரு ஆகாயத்தில் ஒரே ஒரு விமானம் இருந்ததாம். எழுபது பேர் உட்காரலாம். நல்ல குடும்பத்தில் வளர்ந்த விமானம் என்பதால், எதை நீட்டினாலும் முதல் தடவை "வேண்டாம்" என்றுதான் சொல்லும். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை வற்புறுத்தினால், "சரி, உங்களுக்காக" என்று வாங்கிக்கொள்ளும்.

அன்று காலை உப்பூருக்குக் கிளம்பும் முன், மேலக்கரையில் எண்ணெய் ஊற்ற வந்தவர் வேலைக்குப் புதுசு. கொஞ்சம் ஊற்றியதுமே "போதுமா?" என்று கேட்டார். "போதும்" என்றது விமானம். அவர் குழாயைச் சுருட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

துணை விமானி மங்கையர்க்கரசிக்கு இது தெரியாது. பாதி வழியில், பதினேழாயிரம் அடி உயரத்தில், இறக்கைப் பக்கமிருந்து வயிறு இரைகிற சத்தம் கேட்டபோதுதான் சந்தேகம் வந்தது. எண்ணெய் முள்ளைப் பார்த்தாள். முழுசாகக் காட்டியது.

"முள்ளு நெறஞ்சிருக்கு சார். சத்தம்தான் வேற மாதிரி இருக்கு."

கேப்டன் சவரிமுத்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அது அப்படித்தாம்மா காட்டும், ரோஷக்கார முள்ளு. உப்பூருக்கு இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு. நடுப்பட்டின்னா பத்து. ஆனா அது வாயால பசின்னு சொல்லாம நாம நடுப்பட்டிக்குத் திருப்பினா அவமானப்பட்டுப் போயிடும். சக்கரத்தை நீட்டாது. நீயே கேளு. நான் கேட்டா அதட்டுற மாதிரி இருக்கும்."

நாலு பேர் முன்னால் கேட்கக் கூடாது என்று விதிப்புத்தகத்தில் இருந்தது. மங்கை கதவைச் சாத்தினாள்.

"எண்ணெய் இருக்கா?"

"ஏகத்துக்கு இருக்கு," என்றது விமானம்.

கதவைத் தட்டிவிட்டுப் பணிப்பெண் பியூலா தலையை நீட்டினாள். "என்ன சத்தம்னு கேக்குறாங்கக்கா. காலையில சாப்பிடாம வந்துடுச்சுன்னு சொல்லிட்டேன். ஒருத்தர் இட்லிப் பொட்டலம் குடுத்துவிட்டிருக்கார்."

வெட்கத்தில் முள் இன்னும் ஒரு கோடு மேலே ஏறியது.

"அது முன்னாடியா சொல்லுவே?" என்று மங்கை பல்லைக் கடித்தாள். கதவு மறுபடி சாத்தப்பட்டது.

"நடுப்பட்டியில ஒரு வாய் போட்டுக்கிட்டுப் போலாமே?"

"எனக்கெதுக்கு? நீங்க வேணா போய்ச் சாப்பிடுங்க," என்றது விமானம். வலது பக்க விசிறி சுற்றுவதை நிறுத்திக்கொண்டது.

இனி ஒரு தடவைதான் பாக்கி. அதையும் மறுத்துவிட்டால் மறுத்ததுதான். எழுபது பேரும் உப்பூரையும் பார்க்க முடியாது, நடுப்பட்டியையும் பார்க்க முடியாது. மங்கை கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு தன் டிபன் டப்பாவை எடுத்துத் திறந்தாள். எலுமிச்சைச் சாத வாசனை எழுந்ததும் மூடிக் கீழே வைத்தாள்.

"நீ சாப்பிடலேன்னா எனக்கும் வேணாம். சாரும் சாப்பிட மாட்டார். அவருக்கு சுகர் வேற."

சவரிமுத்து ஒத்தாசையாக ஒரு தடவை தலை சுற்றுவதுபோலச் சாய்ந்து காட்டினார்.

முள் தயங்கித் தயங்கிக் கீழே வந்து, பூஜ்ஜியத்துக்கு ஒரு நூல் மேலே நின்றது.

"சுகரா?" என்றது. "அப்ப ஒரே ஒரு வாய். உங்களுக்காகத்தான்."

நடுப்பட்டியில் சக்கரம் ஒழுங்காக நீண்டது. அங்கே எண்ணெய் ஊற்றும் ஞானசௌந்தரி பழுத்த அனுபவசாலி. போதுமா என்று கேட்கவே இல்லை. "போதும், போதும்" என்று விமானம் இறக்கையைக் குறுக்கே வைத்து மறித்தபோதும், "வந்தது வந்துட்ட, இன்னும் ஒரு நூறு லிட்டர்" என்று ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

வயிறு நிறைந்ததும் விமானத்துக்குக் கண் சொக்கியது. கீழே நின்ற பயணிகளைப் பார்த்து, "உப்பூர்ல கொண்டுபோய் விடட்டுமா?" என்று கேட்டது.

பயணிகளும் நல்ல குடும்பத்தில் வளர்ந்தவர்கள். "வேணாம், உனக்கெதுக்குச் சிரமம்? இந்தா இருக்கு, எரநூத்தம்பது கிலோமீட்டர். பேசிக்கிட்டே நடந்துடுவோம்," என்றார்கள்.

"சரி," என்றது விமானம். அப்படியே தூங்கிப்போனது.

பயணிகள் கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றபடி பியூலா போனாள். சவரிமுத்து விமான நிலைய வாசல்வரை போய் இரண்டு தடவை செருமிப் பார்த்தார். பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை. அவரும் போனார்.

மங்கை இறக்கை நிழலில் நின்று எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டு முடித்தாள். டப்பாவைக் கழுவினாள். "போயிட்டு வரேன்" என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு உப்பூர்ச் சாலையில் நடந்தாள்.