முப்பத்தெட்டாவது ஆள்

எங்கள் தெரு வெல்டர் லீவுக்கு ஊர் திரும்பும்போதெல்லாம், விமான நிலையத்தில் பாஸ்போர்ட் முத்திரைக்காக எந்த வரிசையில் போய் நின்றாலும் அவருக்கு முன்னால் முப்பத்தேழு பேர் நிற்பார்கள். ஒருவர் முத்திரை வாங்கிக்கொண்டு போனால் முப்பத்தேழு முப்பத்தாறு ஆகாது. எங்கிருந்தோ ஒருவர் வந்து சேர்ந்துவிடுவார். சக்கர நாற்காலியில் ஒருவரை முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். கைக்குழந்தைக்காரி என்று ஒருத்தியை விடுவார்கள், அந்தக் குழந்தைக்குச் சொந்தம் என்று பதினோரு பேர் பின்னாலேயே நுழைவார்கள். ஆள் நுழையாத வேளையில் கம்ப்யூட்டர் நின்றுவிடும். கம்ப்யூட்டர் ஓடினால் அதிகாரி டீ குடிக்கப் போயிருப்பார். பிறகு ஏதோ ஒரு நேரத்தில், காரணமே இல்லாமல், முப்பத்தேழு பேரும் ஒரே மூச்சில் தீர்ந்துபோவார்கள். முதல் வருடம் அதற்கு நான்கு மணி நேரம் ஆனது. இரண்டாம் வருடம் பதினொரு மணி நேரம், மூன்றாம் வருடம் ஒன்றரை நாள், நான்காம் வருடம் ஆறு நாள், ஐந்தாம் வருடம் பத்தொன்பது நாள். கடல் தாண்டி வேலை செய்யும் அந்த மனிதருக்கு வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கிற லீவே முப்பது நாள்தான்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாமல் போனது அவருடைய சகலையால். அக்காளை வெல்டரும் தங்கையை ஓர் எலக்ட்ரீஷியனும் கட்டியிருந்தார்கள். இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே அறை, மேல்கட்டில் கீழ்கட்டில், லீவுக்கு ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. தரையிறங்கியதும்தான் கதை மாறும். எலக்ட்ரீஷியனைக் கண்டால் மூடிக் கிடந்த கவுன்ட்டர் திறக்கும், வரிசைக்குக் கட்டிய பட்டைகள் தாமாகவே கழன்று வழிவிடும். ஒருமுறை அவர் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தபோது அதில் முத்திரை விழுந்து மைகூடக் காய்ந்திருந்தது. நல்ல மனிதர்தான். "வாங்கண்ணே, சேர்ந்தே போயிடலாம்" என்று வெல்டரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தும் பார்த்தார். பிடித்த கைகளுக்கு நடுவே முப்பத்தேழு பேர் நுழைந்து நின்றார்கள்.

வரிசைக்கும் வெளிவாசலுக்கும் இடையே ஒரு கண்ணாடிச் சுவர் இருந்தது. உள்ளிருந்து பார்த்தால் வெளியே எல்லாம் தெரியும், ஒன்றும் கேட்காது; வெளியிலிருந்து பார்த்தால் அவரவர் முகம்தான் தெரியும். வெல்டரின் மகளுக்கு முதல் வருடம் இரண்டு வயது. கதவு திறந்து முதலில் வந்தவர் எலக்ட்ரீஷியன். குழந்தை தாயின் கையிலிருந்து துள்ளி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டது. வெல்டர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். மூன்றாம் வருடம் முதல் ஒரு புதுப் பழக்கமும் சேர்ந்தது. அவள் ஓடிவந்து சித்தப்பாவின் கழுத்தில் தொங்கி, காதில் ரகசியமாக ஏதோ சொல்வாள். அவரும் சிரித்தபடி அவள் காதில் ஏதோ சொல்வார். 'அப்பான்னுதான் கூப்பிடுறா' என்று வெல்டர் முடிவு கட்டிவிட்டார். அவருக்கு வயிறு எரிந்தது. பின்னால் நின்றவர்கள், இங்கே ஏசி வேலை செய்யவில்லையா என்று ஊழியர்களிடம் புகார் கொடுத்தார்கள்.

பத்தொன்பது நாள் நின்ற அந்த வருடம், அவர் கழிவறைக்குப் போகும்போதெல்லாம் தரை துடைக்கும் அம்மாள் துடைப்பத்தை அவர் இடத்தில் நிறுத்திப் பார்த்துக்கொண்டாள். விமானங்களில் மிஞ்சிய பிஸ்கட்டை யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். வெளியே மனைவி பாயை விரித்து உட்கார்ந்திருந்தாள். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கேயே வீட்டுப்பாடம் எழுதினாள். அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று டீச்சர் கேட்டதற்கு, "வரிசையில நிக்கிறாங்க மிஸ்" என்று சொன்னாளாம். வெல்டரின் பெட்டியை வழக்கம்போல எலக்ட்ரீஷியன்தான் வீடு சேர்த்தார். பேசும் பொம்மையைப் பிரித்துக் கொடுத்ததும் அவரே. தாடியும் மீசையுமாக வெல்டர் வந்து சேர்ந்தபோது பொம்மை பேட்டரி தீர்ந்து வாய் மூடியிருந்தது.

அன்று மனைவி விரல்விட்டு எண்ணினாள். "ஆறு நாள் பத்தொன்பது ஆச்சு. இந்த வேகத்துல போனா அடுத்த வருஷம் லீவு முழுக்க உள்ளேயே போயிடும். கண்ணாடி வழியா எங்களைப் பாத்துட்டு அப்படியே திரும்பிப் போக வேண்டியதுதான்." வெல்டர் தாடியைக்கூட மழிக்காமல் நேரே இரண்டு வீடு தள்ளியிருந்த சகலை வீட்டுக்குப் போனார்.

"என் பொண்ணு உன் காதுல என்னடா சொல்றா?"

எலக்ட்ரீஷியன் விழித்தார். "நீங்க எத்தனாவது ஆளுன்னு கேக்குறாண்ணே. வேறென்ன கேப்பா? முப்பத்தெட்டாவதுன்னு சொல்லுவேன். உடனே என்னை விட்டுட்டு இறங்கிப் போயி கதவைப் பாத்து நின்னுக்குவா."

வெல்டர் தாடியைச் சொறிந்தார். எலக்ட்ரீஷியன் அன்றுதான் மனம் விட்டுப் பேசினார்.

"உங்களுக்கு என்மேல வயித்தெரிச்சல்னு எனக்குத் தெரியும். எனக்கு உங்கமேல எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரியுமா? உங்களுக்காக ரெண்டு பேரு பத்தொன்பது நாள் பாயைப் போட்டு உக்காந்திருந்தாங்க. நான் வந்தா இவ தலையைக்கூட வாரியிருக்க மாட்டா. அதுக்குள்ளயா வந்துட்டீங்க, செருப்பை வெளியில விடுங்கன்னுவா. எனக்காக இதுவரைக்கும் யாராவது அஞ்சு நிமிஷம் காத்துக்கிட்டு நின்னிருக்காங்களா?" அடுப்படியில் நின்ற அவர் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

ஆறாம் வருடம் விமானம் இறங்கியதும் எலக்ட்ரீஷியனுக்காக ஒரு கவுன்ட்டர் திறந்தது. அவர் அந்தப் பக்கமே திரும்பாமல் வெல்டருக்குப் பின்னால் போய் நின்றார். அதிகாரி கைதட்டிக் கூப்பிட்டார். "நான் இவருக்குப் பின்னாடி சார்" என்றார். பட்டைகள் கழன்றபோதெல்லாம் எடுத்து மாட்டினார். தானாக முத்திரை விழுந்துவிடக் கூடாதென்று பாஸ்போர்ட்டைக் கைப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். அவர் முட்டிவலி என்று முனகியதைக் கேட்க வெல்டருக்கு உள்ளுக்குள் இதமாக இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. மூன்றாம் நாள் மாலை நான்கு மணிக்கு முப்பத்தேழு பேரும் தீர்ந்தார்கள். வெல்டர் முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது, அதிகாரி டீ குடிக்க எழுந்துகொண்டிருந்தார்.

கதவு திறந்தது. மகள் ஓடிவந்தாள், ஏழு வயதுக் கனத்தோடு அவர் கழுத்தில் தொங்கினாள். அவளுக்குப் பின்னால் கொழுந்தியாள் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். "அவர் எங்கே மாமா? மூணு நாளா எனக்குச் சோறு தண்ணி இறங்கல" என்று தேம்பித் தேம்பி அழுதாள். வெல்டர் தன் மனைவியைப் பார்த்தார். அவள் பாதிப் பாயைச் சுருட்டியபடி, "வந்தாச்சா, பையை இப்படிக் கொடுங்க" என்றாள். பத்தொன்பது நாளுக்கு அழாதவள். மூன்றே நாளுக்கு இவ்வளவு அழுகையா என்று வெல்டருக்கு மறுபடியும் வயிறு லேசாக எரிந்தது.

அப்போது மகள் அவர் காதோடு வாயை வைத்து, "சித்தப்பா எத்தனாவதுப்பா?" என்று கேட்டாள்.

 வெல்டர் கதவு மூடுவதற்குள் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தார். சக்கர நாற்காலிகளும், கைக்குழந்தைக்காரியும், அவள் சொந்தக்காரர்களும் வந்து நின்றுகொண்டிருந்தார்கள். அவர் எண்ணிப் பார்த்து, "முப்பத்தெட்டாவது" என்றார். மனைவி சுருட்டிய பாயை மறுபடி விரித்தாள். எலக்ட்ரீஷியன் வெளியே வர நான்கு மணி நேரம் ஆனது. அதுவரை மகளும் இறங்கவில்லை, கை மரத்துப்போயும் வெல்டரும் அவளை இறக்கிவிடவில்லை.